பிரெஞ்சு மேஜைக் கடிகாரம் (மார்ட்டி மிஷின்): நின்று நின்று போகிறது, மணி தப்பி அடிக்கிறது

சித்தூர்ப்புழை எழுதியது:

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் உள்ள ஒரு பழைய வீட்டுக் கடிகாரம் பற்றிய கேள்வி. பொன்முலாம் பூசிய உலோகப் பெட்டி, உயரம் சுமார் 38 செ.மீ. மேலே பூச்சாடி, இரண்டு பக்கமும் குழந்தை உருவங்கள், டயலுக்குக் கீழே நீல நிற பீங்கான் பலகையில் கையால் வரைந்த மாதிரி ஒரு காட்சி. டயல் வெள்ளை எனாமல், ரோமன் எண்கள். டயலில் பெயர் எதுவும் இல்லை. 12-க்கு மேலே ஒரு சின்னத் துளை, உள்ளே சதுரமான ஒரு தண்டு தெரிகிறது.

பின் கதவைத் திறந்தால் வட்டமான பித்தளை மிஷின், மேலே மணி. பின் பிளேட்டில் வட்ட முத்திரை: எஸ். மார்ட்டி என்ற பெயரும், வெண்கலப் பதக்கம் என்று பிரெஞ்சிலும் இருக்கிறது. தனியாக 3127 என்ற எண். இன்னும் கீழே 4, கொஞ்சம் இடைவெளி விட்டு 9. பெண்டுலம் குண்டின் பின்னால் 812 என்று வெட்டியிருக்கிறது.

பிரச்சினைகள்: சாவி கொடுத்து ஆட்டிவிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஓடி நிற்கிறது. ஓடும்போதும் வேகம் சரியில்லை, குண்டை மேலே ஏற்றும் திருகு கடைசி வரை போயும் பின்தங்குகிறது. ஒன்பது மணிக்கு நாலு அடிக்கிறது. முலாம் பல இடத்தில் கறுத்திருக்கிறது, புளி போட்டுத் துலக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இதைச் செய்தவர் யார், எந்தக் காலம், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பல்சக்கரம் எழுதியது:

முதலில் புளியை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்க. அந்தப் பெட்டியின் மதிப்பில் பெரும்பங்கு மேல்தோலில்தான் இருக்கிறது. அதைப் பற்றி முலாம்பட்டறை அண்ணன் விவரமாகச் சொல்வார். நான் யார் செய்தது என்பதைச் சொல்கிறேன்.

இந்தக் கடிகாரத்துக்கு ஒரே ஒருவரைக் காட்டி "இவர்தான் செய்தார்" என்று சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டு பாரிஸ் கடிகாரத் தொழில் அப்படிப் பிரிந்து கிடந்தது. மிஷினின் கரடு வடிவம் சுவிஸ் எல்லையை ஒட்டிய மோம்பெலியார் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் உருவாகும். மிஷினைத் தேய்த்து முடித்து ஓடவைப்பவர் ஒருவர், பெட்டியை வார்ப்பவர் இன்னொருவர், முலாம் பூசுபவர் வேறு, பீங்கானில் வரைபவர் வேறு, கடைசியில் விற்பவர் வேறு. டயலில் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் விற்றவரின் பெயர். மதராஸில் கடிகாரம் விற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) கடையின் பெயரோடு கடிகாரம் கிடைத்தால் உள்ளே பிரெஞ்சு மிஷின் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆகவே உங்கள் பின் பிளேட்டில் உள்ள முத்திரை மிஷினைச் செய்தவருடையது மட்டும். பெட்டியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சாமுவேல் மார்ட்டி அந்த வட்டாரத்தின் பெரிய மிஷின் தயாரிப்பாளர்களில் ஒருவர். அதே வட்டாரத்தில் ஃபிரெடெரிக் ஜாப்பி 1777-ல் போகூர் ஊரில் தொடங்கிய ஜாப்பி நிறுவனம், 1834 வெள்ளிப் பதக்கத்தை முத்திரையில் போட்ட வின்சென்டி, இரண்டு பதக்கம் என்று போட்ட மூஜான் என்று பலர் உண்டு. நார்மண்டியில் சேன்ட் நிக்கோலா தலியேர்மோன் ஊரில் போன்ஸ், 1827 தங்கப் பதக்க முத்திரையோடு. ஒரு மாதிரியான வட்ட மிஷின்கள்தான் எல்லாம். நன்றாகச் செய்யப்பட்டவை, ஆயிரக்கணக்கில் வெளிவந்தவை.

காலத்தைக் கணிக்கும்போது ஒன்றைக் கவனியுங்க. பதக்க முத்திரை "இதற்கு முன்னால் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். 1855 பதக்கம் போட்ட ஜாப்பி மிஷின் 1855-ல் செய்தது என்று எழுதிவைக்கிற விற்பனையாளர்கள் நிறைய. அது 1880-ல் செய்ததாகவும் இருக்கலாம், பழைய பதக்கத்தை யாரும் கழற்றிப் போடுவதில்லை. மார்ட்டி விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 1889 பாரிஸ் கண்காட்சியில் வெள்ளியும் 1900 கண்காட்சியில் தங்கமும் வாங்கியபின் முத்திரையும் அந்தந்த ஆண்டோடு மாறியது. உங்களுடையது வெண்கலம் மட்டும், எனவே பொதுவாக 1889-க்கு முந்தையது என்று கொள்ளலாம்.

12-க்கு மேலே உள்ள சின்னத் துளை ப்ரோகோ சஸ்பென்ஷனுக்கானது, அதாவது பெண்டுலம் தொங்கும் தகட்டின் நீளத்தை முன்னாலிருந்தே சாவியால் மாற்றும் அமைப்பு. பெண்டுலம் பட்டு நூலில் தொங்கினால் நூற்றாண்டின் முற்பாதி, மெல்லிய எஃகுத் தகட்டில் தொங்கி முன்னாலிருந்தே வேகம் திருத்த முடிந்தால் அதன் பிறகு. இன்னொரு அடையாளம் வேண்டும். பின் பிளேட்டுக்கு வெளியே, ஓரத்தில் சமமில்லாத இடைவெளிகளில் பள்ளம் வெட்டிய பித்தளைத் தட்டு இருக்கிறதா? இருந்தால் எண்ணுதட்டு முறை. அது 1880-களில் மெல்ல ரேக் முறைக்கு (முள் இருக்கும் இடத்தைப் பொறுத்து எண்ணி அடிப்பது) வழிவிட்டது. ஒன்பதுக்கு நாலு அடிக்கிறது என்றால் எண்ணுதட்டாகத்தான் இருக்கும்.

812 என்கிற குண்டு இந்த மிஷினுடையது அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் மிஷின் எண்ணையே குண்டிலும் வெட்டுவார்கள். 3127 இருக்க வேண்டிய இடத்தில் 812 இருக்கிறது, யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வேகம் ஒத்துவராததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

---

நாழிகைவட்டில் எழுதியது:

நிற்கிற பிரச்சினைக்கு வருவோம். மிஷினைக் கழற்றுவதற்கு முன்னால் வெளியிலிருந்தே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பாதிக் கடிகாரங்கள் இதிலேயே ஓடிவிடும்.

மிஷின் பெட்டிக்குள் எப்படி நிற்கிறது என்று பாருங்க. முன் கண்ணாடி வளையத்திலிருந்து இரண்டு நீளப் பட்டைகள் பின்னால் போகின்றன, பின் கதவு வளையத்தின் வழியாக இரண்டு திருகுகள் அந்தப் பட்டைகளைப் பிடித்து இறுக்குகின்றன. மிஷினுக்கு வேறு பிடிமானம் கிடையாது. அந்தத் திருகுகள் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை சாவி கொடுக்கும்போதும் மிஷின் முழுசாக ஒரு நூலளவு திரும்பிவிடும். டயலில் 12 கொஞ்சம் சாய்ந்து தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. மிஷின் திரும்பினால் டிக்-டாக் நொண்டும். நொண்டும் கடிகாரம் சில மணி நேரம் ஓடி நிற்கும். நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே இதுதான்.

கடிகாரத்தை எங்கே வைக்கப் போகிறீர்களோ அங்கேயே வைத்துச் செய்யுங்க. வேறு மேஜையில் சரிசெய்து தூக்கிவந்தால் சரிசெய்ததும் போய்விடும். நீர்மட்டம் வைத்துப் பார்த்து, பின் கதவைத் திறந்து, பெண்டுலம் அசையாமல் நிற்கும்போது அதன் அடியில் மில்லிமீட்டர் கோடு போட்ட காகிதத்தை ஒட்டுங்க. குண்டை விரலால் மெதுவாக இடப்பக்கம் நகர்த்தி, "டிக்" கேட்கும் இடத்தைக் குறியுங்க. அதேபோல வலப்பக்கம். நடுவிலிருந்து இரண்டும் ஒரே தூரம் இருக்க வேண்டும். இடப்பக்கம் 3 மி.மீ., வலப்பக்கம் 7 மி.மீ. என்று வந்தால் அதுதான் நோய்.

எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்ப வேண்டாம். பெட்டியின் ஒரு பக்க அடியில் ஒரு ரூபாய்க் காசு ஒன்றிரண்டு செருகிப் பாருங்க. முன்னால் நின்று பார்க்கும்போது வலப்பக்கத்தைத் தூக்கினால் டிக்-டாக் சமமாகிறதென்றால், மிஷினைக் கடிகார முள் போகும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். பின் திருகுகள் இரண்டையும் அரைச் சுற்று தளர்த்தி, முன் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து மயிரிழை திருப்பி, காசை எடுத்துவிட்டு மறுபடி கேட்டு, இறுக்குங்க. சமமாகும் நிலையில் 12 கோணலாகத் தெரிந்தால் மட்டும் அடுத்த வேலை: மிஷினை நேராக்கிவிட்டு, பெண்டுலத்தைத் தள்ளும் கவைக்கம்பியை வளைப்பது. எந்தப் பக்கம் "டிக்" சீக்கிரம் கேட்கிறதோ அந்தப் பக்கமாகக் கவையை மிகக் கொஞ்சம் வளைக்க வேண்டும். கம்பியின் மேற்பாகத்தை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பாகத்தை மட்டும் வளையுங்க. பிடிக்காமல் வளைத்தால் விசை முழுவதும் மேலே உள்ள மெல்லிய அச்சு முனையில் போய் விழும். பிரெஞ்சு மிஷின்களின் முனைகள் கடினப்படுத்திய எஃகு, வளையாது, பட்டென்று ஒடியும்.

டிக்-டாக் சமமான பிறகும் நின்றால், நிற்கும் நேரத்தைக் குறித்து வையுங்க. எப்போதும் முட்கள் ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் நின்றால் முள் உரசுகிறது. மணி அடிப்பதற்கு ஐந்தாறு நிமிடம் முன்னால் நின்றால் மணிப் பக்கத்து நெம்புகோலைத் தூக்கும் இடத்தில் பாரம். எந்த ஒழுங்கும் இல்லாமல் நின்றால் அழுக்கு, காய்ந்த எண்ணெய், அல்லது தேய்ந்த அச்சுத் துளைகள். குண்டு மணியின் விளிம்பையோ பின் கதவையோ தொடுகிறதா என்பதையும் பாருங்க. பிறகு ஒன்று, நம்ம ஊரில் மறக்கக் கூடாதது: குளவி. சாவித் துளை வழியாக உள்ளே போய் மணிக்கும் பிளேட்டுக்கும் நடுவே மண்கூடு கட்டிவிடும். சிலந்தி நூல் ஒன்று சஸ்பென்ஷன் தகட்டில் ஒட்டினாலே ஓட்டம் குறையும். டார்ச் அடித்துப் பார்த்து, மெல்லிய தூரிகையால் எடுங்க. வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் எஃகில் துரு.

மணி தப்பி அடிப்பது கோளாறே அல்ல. எண்ணுதட்டுக்கு முள் எங்கே இருக்கிறதென்று தெரியாது, நாலுக்கு அப்புறம் ஐந்து, ஐந்துக்கு அப்புறம் ஆறு என்று அதன் வரிசையில் போகும். நடுவில் அரை மணிகளுக்கு ஒவ்வொரு அடி. 12 மணி நேரத்தில் மொத்தம் 90 அடி. மணிப் பக்கத்து ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்க மறந்தாலோ, அடித்து முடிக்கும் முன் முள்ளை வேகமாகத் திருப்பினாலோ வரிசை விலகும். எளிய வழி: நிமிட முள்ளை முன்னோக்கி 12-க்குக் கொண்டுபோய் எத்தனை அடிக்கிறது என்று எண்ணுங்க. மணி முள் தண்டில் இறுக்கமாகச் செருகியது மட்டுமே. அடிப்பக்கத்தில் பிடித்து அடித்த எண்ணுக்குத் திருப்பிவிடுங்க. பிறகு நிமிட முள்ளை ஒவ்வொரு அரை மணியிலும் நிறுத்தி, அடித்து முடிக்கவிட்டு, சரியான நேரத்துக்குக் கொண்டுவாங்க. அரை மணிக்கு முழு எண்ணிக்கையும் முழு மணிக்கு ஒரே அடியும் வந்தால் மட்டும் இது போதாது. அப்போது எண்ணுதட்டுக்குப் பக்கத்தில் உள்ள நெம்புகோலை விரலால் ஒரு தடவை தூக்கி ஒரு அடி அடிக்கவிட்டுத் தொடங்க வேண்டும்.

---

சித்தூர்ப்புழை எழுதியது:

மிக்க நன்றி. பின் திருகு இரண்டும் விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. சொன்னபடி செய்ததில் டிக்-டாக் சமம், இரவு முழுவதும் ஓடுகிறது. எண்ணுதட்டு பின்னால் இருக்கிறது, மணியும் சரியானது.

வேகம்தான் பாக்கி. குண்டு கடைசி வரை மேலே, முன் துளையில் சாவியையும் கடைசி வரை திருப்பியாயிற்று. அப்படியும் ஒரு மணிக்கு நாலைந்து நிமிடம் பின்தங்குகிறது. தொங்கும் இடத்திலிருந்து குண்டின் நடு வரை 148 மி.மீ. பிளேட்டில் உள்ள 4, 9 என்பது இதோடு சம்பந்தப்பட்டதா?

---

ஊசல்கணக்கு எழுதியது:

சம்பந்தப்பட்டதுதான், உங்களுக்கு வேண்டிய விடையே அது. பெண்டுலம் நீளம், பழைய பிரெஞ்சு அளவில். 4 அங்குலம் 9 வரி. மெட்ரிக் வந்த பிறகும் கடிகாரக்காரர்கள் இந்த அளவைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு அங்குலம் நம் அங்குலத்தைவிடப் பெரியது, 27.07 மி.மீ. ஒரு அங்குலத்துக்கு 12 வரி, ஒரு வரி 2.256 மி.மீ. ஆக 4 × 12 + 9 = 57 வரி, சுமார் 128.6 மி.மீ. உங்களிடம் 148 இருக்கிறது. 20 மி.மீ. அதிகம். திருகு எத்தனை ஏற்றினாலும் எட்டாது.

முத்திரை எண்ணை மட்டும் நம்பி வேலை செய்யாமல் பற்களை எண்ணிச் சரிபார்ப்பது நல்ல பழக்கம், ஏனென்றால் பழுது பார்த்தவர்கள் சக்கரத்தையே மாற்றியிருக்கலாம். நடுச் சக்கரத்தின் பற்கள் × மூன்றாம் சக்கரத்தின் பற்கள் × எஸ்கேப் சக்கரத்தின் (டிக்-டாக்கை எழுப்பும் கடைசிச் சக்கரம்) பற்கள் × 2. இதை மூன்றாம் சக்கரத்துச் சிறுபல்லும் (அதே அச்சில் உள்ள சின்னப் பற்சக்கரத்தின் பற்கள்) எஸ்கேப் சக்கரத்துச் சிறுபல்லும் பெருக்கிய தொகையால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டிக் என்று வரும். உதாரணத்துக்கு 84, 77, 38, சிறுபல் இரண்டும் 7 என்றால்: 12 × 11 × 76 = 10,032. நிமிடத்துக்கு 167 சொச்சம். நீளம் கண்டுபிடிக்க 7200-ஐ அந்த எண்ணால் வகுத்து (0.7177 நொடி), 6.2832-ஆல் வகுத்து, அதை இரண்டு மடி ஆக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்க வேண்டும். பாரிஸ் மதிப்பு 9.81 போட்டால் 128 மி.மீ. 4, 9 முத்திரையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. உங்கள் மிஷினில் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்க.

இங்கேதான் ரசமான ஒரு விஷயம் இருக்கிறது. பாரிஸில் சரியாக ஓடும்படி அமைத்த பெண்டுலம் பாலக்காட்டுக்கு வந்தால் வேறு எந்தக் குறையும் இல்லாமலே ஒரு நாளைக்குச் சுமார் 2 நிமிடம் பின்தங்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புவியீர்ப்பு குறைவு. பாரிஸில் 9.81, நம் அட்சரேகையில் 9.78. 1672-ல் ழான் ரிஷே என்கிற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கடிகாரம் கொண்டுபோய், அது ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடுவதைக் கண்டு, நொடிப் பெண்டுலத்தை ஒன்றேகால் வரி குறைக்க வேண்டியிருந்தது. பூமி துருவங்களில் தட்டையானது என்று நியூட்டன் வாதிட்டபோது இந்த அளவும் அவருக்குக் கைகொடுத்தது. உங்கள் கடிகாரத்துக்கு அந்தத் திருத்தம் வெறும் 0.36 மி.மீ. முன் துளைச் சாவியிலேயே அடங்கிவிடும். அதனால்தான் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கடிகாரத்தை "சர்வீஸ் சரியில்லை" என்று குறைசொல்வதற்கு முன் இந்த இரண்டு நிமிடத்தைக் கழித்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியது: 812 குண்டை வெட்டாதீங்க. அது வேறு ஒரு மிஷினின் அசல் குண்டு, பத்திரமாக வையுங்க. பழைய பொருள் விற்பவர்களிடம் பிரெஞ்சுப் பெண்டுலம் தனியாகக் கிடைக்கும். குண்டின் நடு 128 மி.மீ. கிட்ட வரக்கூடியதாக, ஏறக்குறைய அதே எடையில் ஒன்றை எடுங்க. கிடைக்கும்வரை 3 மி.மீ. பித்தளைக் கம்பியில் தற்காலிகத் தண்டு செய்துகொள்ளலாம். மேலே கொக்கி, கீழே திருகுமரை, குண்டு இரண்டு பக்கமும் 5 மி.மீ. நகர இடம். தண்டின் எடையும் குண்டின் அகலமும் கணக்கை 2, 3 மி.மீ. தள்ளிவிடும், அதனால் இந்த இடம் அவசியம்.

சஸ்பென்ஷன் தகட்டையும் பாருங்க. இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள் மேலும் கீழும் பித்தளைக் கட்டையில் பிடித்திருக்கும். ஒன்று நெளிந்திருந்தாலும் பெண்டுலம் ஆடும்போது குண்டு முறுக்கிக்கொண்டு வால் ஆட்டும், விசை வீணாகும். மாற்றும்போது மொத்த நீளம், மேல் கட்டையின் தடிமன், கீழ் ஊசியின் நீளம் மூன்றையும் வெர்னியரில் அளந்து கேளுங்க. "பிரெஞ்சு கடிகாரத்துக்கு" என்று மட்டும் கேட்டால் எதையாவது கொடுத்துவிடுவார்கள்.

வேகத்தைத் திருத்தும் வரிசை: முதலில் முன் துளைத் தண்டை அதன் ஓட்டத்தின் நடுவில் நிறுத்துங்க. பிறகு குண்டுத் திருகால் ஒரு நாளைக்கு ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவாங்க. கடைசித் திருத்தம் மட்டும் முன் துளையில். டயலில் ஏ, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் ஏ பக்கம் வேகம், ஆர் பக்கம் மெது. ஏற்றுமதிக்குச் செய்ததில் எஃப், எஸ் இருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் 24 மணி நேரம் விட்டுப் பாருங்க. சாவி கொடுத்த முதல் நாளும் ஏழாம் நாளும் ஒரே வேகத்தில் ஓடாது, ஆகையால் வாரத்தில் ஒரே கிழமை சாவி கொடுத்து, வாரக் கணக்கில் ஒப்பிடுவதே நியாயம்.

---

முலாம்பட்டறை எழுதியது:

புளி பற்றிக் கேட்டிருந்தீங்க. குத்துவிளக்கு முழுக்கப் பித்தளை, மேல்தோல் போனாலும் அடியில் அதே பித்தளை. இதில் மேலே இருப்பது மைக்ரான் கணக்கில் தங்கம், போனால் போனதுதான். புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷ், எதுவும் கூடாது.

அடியில் என்ன உலோகம் என்று முதலில் தெரிந்துகொள்ளணும். பெட்டியைத் துணி விரித்துச் சாய்த்து, அடிப்பாகத்தில் வெளியே தெரியாத மூலையில் ஊசியால் ஒரு கீறல். மஞ்சளாகத் தெரிந்தால் வெண்கலம் அல்லது பித்தளை. சாம்பல் கலந்த வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகக் கலவை. நகத்தால் தட்டினால் வெண்கலம் கிண்ணென்று ஒலிக்கும், துத்தநாகம் மொத்தென்று கேட்கும். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதை வைத்து முடிவு செய்யாதீங்க. நீங்கள் சொன்ன காலம், குழந்தை உருவங்கள், பீங்கான் பலகை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் துத்தநாகமாக இருக்க வாய்ப்பு அதிகம். மிஷினையும் டயலையும் வெளியே எடுத்த பிறகு தூக்கிப் பார்த்தால் எடையிலும் தெரியும்.

வெண்கலத்தில் பழைய ரசமுலாம் என்றால் வழி இருக்கிறது. உருவங்களும் அலங்காரங்களும் உள்ளிருந்து மரை போட்டுப் பிடித்தவை. எந்த மரை எங்கே என்று படம் எடுத்துக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு இரண்டு மூன்று சொட்டு விட்டு, மென்மையான தூரிகையால் தடவுங்க, தேய்க்க வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரில் அலசி உடனே துணியால் ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்துங்க. போகாத கறுப்பை விட்டுவிடுங்க. பள்ளங்களில் கொஞ்சம் கறுப்பு இருந்தால்தான் செதுக்கின வேலை கண்ணுக்குத் தெரியும். நெருப்பில் காட்டவே கூடாது. ரசமுலாம் பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, சூட்டில் பாதரசத்தை ஆவியாக்கிச் செய்தது. அந்த ஆவியே பட்டறைக்காரர்களின் உயிரைக் குடித்தது.

துத்தநாகம் என்றால் தண்ணீரே வேண்டாம். மேலே மின்முலாமாகப் பூசிய மெல்லிய தங்கம், பல சமயம் வெறும் பொன்னிற வார்னிஷ். உலர்ந்த தூரிகை, அப்புறம் மெல்லிய பருத்தித் துணி, அவ்வளவுதான். புளியில் உள்ள அமிலம் துத்தநாகத்தை அரித்து, வார்ப்பின் நுண்துளைகளில் உப்பாகத் தங்கும். ஜூன் மழை ஆரம்பித்ததும் அந்த உப்பு ஈரத்தை இழுத்து வெள்ளைப் பொடியாக மேலே வரும், முலாம் கொப்பளித்து உரியும். துலக்கிய அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், அடுத்த மழைக்காலத்தில்தான் தெரியும். உடைந்த உருவத்தை ஈயம் வைத்து ஒட்டக் கொடுக்கும்போதும் உலோகத்தைச் சொல்லிக் கொடுங்க. சுத்தமான துத்தநாகமே 419 டிகிரியில் உருகிவிடும், பித்தளைக்குக் காட்டுகிற ஊதுகுழல் சூட்டைக் காட்டினால் குழந்தையின் கை காணாமல் போகும்.

பீங்கான் பலகையை லென்ஸ் வைத்துப் பாருங்க. தூரிகைத் தீற்றல் தெரிந்தால் கைவேலை, ஒரே சீரான புள்ளிகள் தெரிந்தால் அச்சுப் படம். பின்னால் பிரெஞ்சு அரசுப் பீங்கான் தொழிற்சாலையான செவ்ரின் முத்திரை இருந்தாலும் அங்கே செய்ததென்று முடிவு கட்ட வேண்டாம். செவ்ர் பாணியில் தனியார் பட்டறைகள் செய்தவையே அதிகம். பலகையைப் பிடிக்கும் பித்தளை நாக்குகளை மறுபடி மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடும், அவசியம் இல்லாமல் கழற்றாதீங்க. வைக்கும்போது பலகைக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய காகிதம் ஒரு மடிப்பு.

---

சித்தூர்ப்புழை எழுதியது:

கீறிப் பார்த்ததில் சாம்பல் வெள்ளை. துத்தநாகம்தான். தண்ணீர் படாமல் தூரிகையோடு நிறுத்திவிட்டேன்.

பற்கள்: 84, 77, 38, சிறுபல் 7, 7. ஊசல்கணக்கு சொன்ன உதாரணமே அப்படியே வந்திருக்கிறது. தற்காலிகத் தண்டு போட்டதில் ஒரு நாளைக்கு அரை நிமிடத்துக்குள் நிற்கிறது.

கடைசிக் கேள்வி. மிஷினில் பழைய எண்ணெய் பச்சைப் பிசினாகக் காய்ந்திருக்கிறது. இங்கே ஒருவர் தேங்காய் எண்ணெய் சொட்டு விடச் சொன்னார். விடலாமா, இல்லை கழற்றித்தான் ஆகணுமா? கழற்றுவதென்றால் கோவைக்குக் கொண்டுபோவதாக இருக்கிறேன்.

---

நாழிகைவட்டில் எழுதியது:

தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் கணவாய்க் காற்று வீசும்போது குளியலறைப் பாட்டிலில் உறைவது மிஷினிலும் உறையும். அதைவிட மோசம், நாளாக ஆக அது சிக்குப் பிடித்து அமிலமாகிப் பித்தளையைப் பச்சையாக்கும். நீங்கள் பார்க்கும் பச்சைப் பிசினே அநேகமாக யாரோ விட்ட சமையல் எண்ணெய்தான். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், நீர்த்து ஓடி பிளேட்டில் பரவிவிடும். காய்ந்த எண்ணெய்மேல் எந்தப் புது எண்ணெய் விட்டாலும் அது உள்ளே உள்ள தூளோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். ஆகவே கழற்றித்தான் ஆகணும். ஓடுகிறதே என்று அப்படியே விட்டால் துளைகள் நீள்வட்டமாகத் தேயும், அப்புறம் புஷ் (துளைக்குள் புதுப் பித்தளை வளையம்) போடும் செலவு.

கோவையில் கொடுப்பவரிடம் இவற்றைக் கேளுங்க. ஸ்பிரிங்கின் விசையை இறக்காமல் பிளேட்டைத் திறப்பாரா? இரண்டு பக்க ஸ்பிரிங்கையும், மரக் கைப்பிடிச் சாவியால் பிடித்து, பல் தடையை விலக்கி, உள்ளங்கையில் மெதுவாக நழுவவிட்டு இறக்கணும். விசையோடு திறந்தால் சக்கரம் சுழன்று பற்கள் சிதறும், முனை ஒடியும். ஸ்பிரிங் டப்பாக்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இடது வலது என்று குறிபோட்டு வைப்பாரா? மணிப் பக்கத்துச் சக்கரங்களில் சின்னப் புள்ளி அடையாளம் உண்டு, புள்ளிக்குப் புள்ளி சேர்த்தே மாட்டணும். சேர்க்காமல் மாட்டினால் அடித்து முடியும்போது சுத்தியல் பாதி தூக்கியபடி நின்றுவிடும், அடுத்த அடியைத் தூக்க ஸ்பிரிங்குக்குச் சக்தி போதாது.

அமோனியா கலந்த கரைசலில் ஊறப்போடுகிறவராக இருந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. இரவெல்லாம் ஊறவைத்தால் இழுவிசையில் இருக்கும் பழைய பித்தளையில் விரிசல் ஓடும். துளைகளைக் கூராக்கிய மூங்கில் குச்சியால், குச்சி வெள்ளையாக வெளியே வரும்வரை துடைக்கணும். கரைசல் மட்டும் அந்த வேலையைச் செய்யாது.

எண்ணெய், சுவர்க் கடிகாரங்களுக்கென்று விற்கும் செயற்கை எண்ணெய். முனைத் துளையைச் சுற்றியுள்ள கிண்ணம் பாதி நிறையும் அளவு, எஸ்கேப் சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடுகிற பேலட் முகங்களில் ஊசி முனையால் தொட்ட அளவு, ஸ்பிரிங்குக்கு அதற்கான கனமான எண்ணெய். சக்கரப் பற்களுக்குச் சொட்டுக்கூடக் கூடாது. எண்ணுதட்டின் பள்ளங்களுக்கும் கூடாது.

முலாம் பூசிய பெட்டியைக் கோவைக்குக் கொண்டுபோக வேண்டியதே இல்லை, வீட்டிலேயே இருக்கட்டும். மிஷினை மட்டும் எடுங்க. முதலில் பெண்டுலத்தைக் கழற்றுங்க. அது தொங்கியபடி வேலந்தாவளம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கினால் சஸ்பென்ஷன் தகடு போச்சு. பிறகு மணியைக் கழற்றுங்க, அதன் மரையைத் தனிப் பொட்டலத்தில் போடுங்க. முன் வளையத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பின் திருகுகளை எடுங்க, தாங்காவிட்டால் டயலோடு மிஷின் முன்பக்கம் விழும். எனாமல் டயல் செப்புத் தகட்டில் சுட்ட கண்ணாடி, சாவித் துளை ஓரத்தில் அழுத்தினால் விரிசல் விழும். டயலை எதன்மேலும் கவிழ்த்து வைக்காமல், வளையத்தின் அளவுக்கு வட்டம் வெட்டிய தெர்மோகோலில் நிறுத்தி, சுற்றிலும் துணி அடைத்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போங்க. கவைக்கம்பி துணியில் மாட்டாமல் அதைச் சுற்றி ஒரு சின்னக் காகிதக் குழாய் போட்டுவிடுங்க.